தாகேதா மாமாவுக்கு ஒரு டைவர் வாட்ச்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பத்தாவது பாஸ் பண்ணினால் வாட்ச். வேலை கிடைத்தால் வாட்ச். மாப்பிள்ளைக்குக் கண்டிப்பாக வாட்ச். நம்ம வீடுகளில் இது எழுதப்படாத சட்டம். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தவர் பெட்டியைத் திறந்ததும், கோடாலித் தைலத்துக்கும் பிஸ்கட் டப்பாவுக்கும் நடுவில் ஒரு ‘சீக்கோ ஃபைவ்’ இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வந்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் நாம்.

இப்போது வாங்கிக் கொடுக்கும் முறை நம்முடையது. வாட்ச் வாங்குவது என்று முடிவாகிவிட்டால் பலர் கை நீட்டுவது டைவர் வாட்ச் பக்கம். கனமாக இருக்கும், கம்பீரமாக இருக்கும், “தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்று கடைக்காரரும் சொல்வார். ஆனால் பரிசு போய்ச் சேரும் ஊர் எது, அங்கே அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த வாட்ச் ஓடாமல் பீரோவில் கிடக்கும். “ரொம்ப நல்லா இருக்குப்பா, விசேஷத்துக்கு மட்டும் கட்டிக்கிறேன்” என்று மாமா போனில் சொல்வார். நம்ம மனசு நோகக் கூடாது என்று சொல்கிற பொய் அது.

இதைப் பேச ஓர் ஊர் வேண்டும். யாங்கூன் நகரின் தாகேதாவை எடுத்துக்கொள்வோம். அங்கே வேலை செய்யும் வாட்ச், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கிள்ளானிலும் வேலை செய்யும்.

தண்ணீர் சூழ்ந்த ஊர்

தாகேதா யாங்கூனின் கிழக்குப் பக்கம். 1959இல் நகரத்து நெரிசலைக் குறைக்க உருவாக்கிய புறநகர். ஒரு பக்கம் பசுண்டவுங் ஓடை, இன்னொரு பக்கம் பகோ ஆறு. ஆற்றைத் தாண்டினால் தன்லியின். நம்ம தாத்தாக்கள் சிரியம் என்று சொன்ன ஊர். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. சென்னை மழையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மழை இல்லாத மாதங்களில் வியர்வை.

இது போதாதென்று ஏப்ரல் நடுவில் திஞ்ஞான் வரும். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. நம்ம சித்திரைப் பிறப்பும் அதே வாரம்தான். காலையில் கோயிலுக்குப் போக வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினால், தெருமுனையில் ரப்பர் குழாயோடு ஒரு கூட்டம் நிற்கும். நனையாமல் திரும்ப முடியாது. ‘லேசான தூறல் தாங்கும்’ ரக வாட்சுக்கு இந்த ஊரில் வேலை இல்லை. ஆக, டைவர் வாட்ச் வாங்குவது இங்கே ஆடம்பரம் இல்லை, நியாயமான காரணம் இருக்கிறது.

நிஜமான முக்குளிப்பும் பக்கத்திலேயே நடக்கிறது. பசுண்டவுங் ஓடையும் பகோ ஆறும் யாங்கூன் ஆற்றோடு கலக்கும் இடம் தாகேதாவிலிருந்து அதிக தூரமில்லை. 1608இல் போர்த்துக்கீசியரான பிலிப் டி பிரிட்டோ, ஷ்வேதகோன் பகோடாவிலிருந்து தம்மசேதி மன்னரின் பெரிய மணியைக் கழற்றி, உருக்கிப் பீரங்கி செய்யச் சிரியத்துக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தில் தெப்பம் உடைந்து மணி மூழ்கிப்போனது. சுமார் 300 டன் எடை என்பது வழிவழியாக வரும் கணக்கு. தேடி இறங்கியவர்கள் பலர், இன்னும் கிடைக்கவில்லை. மூழ்கிய படகுகளின் இரும்பை எடுத்துப் பிழைக்கிறவர்களும் இந்த ஆற்றில் இறங்குகிறார்கள். மேலே படகில் காற்று அடிக்கும் இயந்திரம், கீழே போகிறவர் வாயில் ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். சேறு கலந்த தண்ணீரில் நீட்டிய கை தெரியாது. எவ்வளவு விலை உயர்ந்த வாட்சின் முள்ளும் அங்கே தெரியப்போவதில்லை. நேரம் பார்க்க வேண்டியவர் மேலே இருப்பவர்தான்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கீழே போகிறவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில். அதனால் மச்சானை நம்பித்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம். பரிசு கொடுக்கிற வாட்சுக்கும் மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அது யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

‘டைவர்ஸ்’ என்ற ஒரு வார்த்தை

சுழலும் வளையமும் பெரிய எண்களும் இருந்தால் டைவர் வாட்ச் ஆகிவிடாது. ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது. அதன்படி செய்த வாட்சில்தான் ‘டைவர்ஸ் 200 மீட்டர்’ என்று எழுதலாம். வெறும் ‘வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்’ என்று இருந்தால் அது வேறு. சாதாரண வாட்சுகளில் ஒரு தொகுதிக்குச் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். டைவர் வாட்சில் ஒவ்வொன்றையும் தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். அதுவும் எழுதியிருப்பதைவிடக் கால் பங்கு கூடுதலாக. 200 மீட்டர் என்றால் 250 மீட்டருக்குச் சமமான அழுத்தம்.

இன்னும் சில சோதனைகள் உண்டு. இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் படிக்க முடிய வேண்டும். வாட்ச் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதும் இருட்டில் தெரிய வேண்டும். அதனால்தான் வினாடி முள்ளிலும் ஒளிரும் பொட்டு வைக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் 24 மணி நேரம் கிடக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடியைத் தாங்க வேண்டும்.

சுழல் வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றும். ஏன் தெரியுமா? இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நேராகப் படிக்கலாம். தண்ணீருக்குள் எதன் மீதாவது இடித்து வளையம் நகர்ந்தாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதைப் பார்த்து மனுஷன் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், உயிர் பிழைக்கும். வீட்டில் இதே வளையம் பருப்பு வேகும் நேரத்தைக் கணக்குப் பார்க்கும். பிள்ளைகளுக்கு இதை விளக்கிப் பாருங்க, அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

டயலில் இருக்கும் மீட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழைத் தூறல் படலாம், அவ்வளவே. 50 மீட்டர் என்றால் லேசான நீச்சல். 100 மீட்டர் என்றால் தாராளமாக நீந்தலாம். திஞ்ஞான் குழாய்த் தண்ணீருக்கும் ஆற்றுப் படகுக்கும் தொழிலுக்கும் கவலையில்லாமல் கொடுக்க வேண்டுமானால் 200 மீட்டர் வாங்குங்க. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கே 40 மீட்டர்தான் எல்லை என்கிறார்கள். மீதி எண் எல்லாம் பாதுகாப்புக்கான இடைவெளி.

யார் திறக்கப் போகிறார்கள்?

டைவர் வாட்சைத் தண்ணீரிலிருந்து காப்பது கனமான இரும்பு இல்லை. பின்மூடிக்கு அடியிலும், பக்கத்துத் திருகுக்குள்ளும், கண்ணாடி ஓரத்திலும் இருக்கும் மெல்லிய வாஷர் வளையங்கள்தான். பெரும்பாலும் ரப்பர். விலை மிகக் குறைவு. வெயில், வியர்வை, சோப்பு, வயது எல்லாம் சேர்ந்து அதை இறுக்கி வெடிக்க வைக்கும்.

பேட்டரி வாட்ச் என்றால் சில வருஷத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறக்க வேண்டும். தெருவோர மேசையில் இரண்டு நிமிடத்தில் பேட்டரி மாற்றிக் கொடுப்பார்கள். பழைய வாஷர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் வெளியில் தெரியாது. வாட்ச் ஓடும். எல்லாரும் சந்தோஷம். அடுத்த மழையில் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடிக்கும். 200 மீட்டர் என்று டயலில் எழுதியிருப்பது அப்படியேதான் இருக்கும். வாட்ச் மட்டும் அந்த வாட்ச் இல்லை. ரிப்பேர்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அழுத்தம் சோதிக்கும் கருவியும் சரியான வாஷரும் இல்லாமல் யார் திறந்தாலும் இதே கதைதான், லண்டனிலும்கூட.

ஆகவே, பரிசு வாட்ச் உழைக்க வேண்டுமானால் இரண்டு வழிதான். ஒன்று, பத்து வருஷம் யாரும் திறக்கத் தேவையில்லாத வாட்ச். இல்லையென்றால், அந்த ஊர் ரிப்பேர்காரர் நன்றாக அறிந்த வாட்ச். எந்த பிராண்டு, என்ன நிறம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

முதல் வழிக்குப் பொருத்தமானது சூரிய ஒளியில் ஓடும் டைவர் வாட்ச். சிட்டிசன் நிறுவனத்தின் ‘புரோமாஸ்டர்’ ஈகோ-டிரைவ் வரிசையில் ஐ.எஸ்.ஓ. தரமுள்ள 200 மீட்டர் வாட்சுகள் இருக்கின்றன. முழுதாக ஒளி ஏறிவிட்டால் மாதக்கணக்கில் ஓடும். கரண்ட் போனாலும் கவலையில்லை, பகல் வெளிச்சம் போதும். ஒரே நிபந்தனை: பீரோவில் பூட்டி வைக்கக் கூடாது. “தினமும் கட்டுங்க மாமா, கட்டலைன்னா நின்னுடும்” என்று சொல்லிக் கொடுங்கள். பீரோவில் வைத்துப் பாதுகாக்கும் நம்ம வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

இரண்டாவது வழி ஆட்டோமேட்டிக். கை அசைவில் தானே சாவி ஏறிக்கொள்ளும், பேட்டரி கிடையாது. சீக்கோவின் ‘எஸ்.கே.எக்ஸ். 007’ 1996இல் வந்தது. ஆசிய நாடுகளின் வாட்ச் ரிப்பேர் மேசைகளில் அதன் எஞ்சினைப் பார்க்காதவர் குறைவு. இப்போது அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அதே தோற்றத்தில் 2019 முதல் ‘சீக்கோ ஃபைவ் ஸ்போர்ட்ஸ்’ வருகிறது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இது 100 மீட்டர்தான், திருகி மூடும் பக்கத்திருகும் கிடையாது. மழைக்கும் நீச்சலுக்கும் இது சரி. கடல் தொழிலுக்கு வேண்டாம். முழு டைவர் வேண்டுமானால் அதே நிறுவனத்தின் ‘புரோஸ்பெக்ஸ்’ வரிசையில் டயலில் ‘டைவர்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் ஒரு நாளைக்குச் சில வினாடி முன்பின் போகும். அது கோளாறு இல்லை, சுபாவம். வாங்குகிறவரிடம் முன்னாடியே சொல்லிவிட்டால் போனில் புகார் வராது.

கையில் பணம் குறைவா? கேசியோவின் ‘டூரோ’ இருக்கிறது. 200 மீட்டர், திருகி மூடும் பக்கத்திருகு, பல நாடுகளில் 100 அமெரிக்க டாலருக்குள். ஐ.எஸ்.ஓ. டைவர் முத்திரை இல்லை, பேட்டரி மாற்ற வேண்டும். ஆனால் தொலைந்தால் தூக்கம் கெடாது. பேருந்து நெரிசலில் தினமும் போய்வருகிறவருக்கு அது பெரிய நிம்மதி.

கப்பல் வேலைக்குப் போகும் மருமகனுக்கோ, பட்டறையில் வேலை பார்ப்பவருக்கோ கேசியோ ‘ஜி-ஷாக்’ யோசிக்கலாம். அதன் பிறப்பே ஒரு பரிசு வாட்சின் கதை. கிகுவோ இபே என்ற பொறியாளருக்கு அவர் அப்பா கொடுத்த வாட்ச், ஒரு நாள் கீழே விழுந்து சிதறிப்போனது. உடையாத வாட்ச் செய்தே தீருவது என்று உட்கார்ந்தார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. சுமார் 200 மாதிரிகள் செய்து உடைத்துப் பார்த்த பிறகு, 1983இல் முதல் ஜி-ஷாக் வந்தது.

மணிக்கட்டும் பட்டையும்

டைவர் வாட்ச் பெரும்பாலும் 42 மில்லிமீட்டருக்கு மேல். நம்ம ஆட்கள் பலருக்கு மணிக்கட்டு மெலிசு. வாட்சின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை உள்ள நீளம் மணிக்கட்டின் தட்டையான அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சட்டைக் கையில் மாட்டும், கதவில் இடிக்கும். அளவு எப்படித் தெரிந்துகொள்வது? மாமியிடம் ஒரு நூலைக் கொடுத்து மாமா தூங்கும்போது சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கூட்டுச் சதியில் மாமிக்கும் சந்தோஷம்.

தோல் பட்டை வேண்டவே வேண்டாம். யாங்கூன் மழைக்காலத்தில் பூசணம் பிடித்து நாற்றம் அடிக்கும். ரப்பர், நைலான், அல்லது ஸ்டீல் செயின் நல்லது. செயின் என்றால் கழற்றிய கண்ணிகளைத் தூக்கிப் போடாமல் டப்பாவோடு கொடுங்கள்.

பழைய வாட்ச் மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது, அறுபதுகளின் டைவர் வாட்ச் அழகுதான். ஆனால் அந்தக் காலத்து ஒளிரும் பூச்சில் ரேடியம் இருந்திருக்கலாம். அது கதிரியக்கப் பொருள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திறந்து நோண்டக் கூடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ‘பழைய’ வாட்சுகள் பலவற்றின் டயல் புதிதாகப் பெயின்ட் அடித்தது. அலமாரிக்கு அழகு, தண்ணீருக்கு ஆகாது.

வாட்ச்தான் வேண்டுமா?

இதையும் நேராகப் பேசிவிடுவோம். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், கப்பலேறினார்கள். நகையும் பணமும் எடுத்துப்போகக் கடும் கட்டுப்பாடு. அப்படி வந்தவர்களில் சிலர் 1969இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே ராஜாஜி சாலையில் கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். ஒரு தலைமுறைத் தமிழர்கள் ‘ஃபாரின் வாட்ச்’ என்றால் அங்கேதான் போனார்கள். கையில் இருந்ததை விட்டு வந்தவர்கள், ஊருக்கே வாட்ச் விற்றார்கள்.

அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு இந்த நினைப்பு இன்னும் போகவில்லை. 2021க்குப் பிறகு கியாட்டின் மதிப்பும் விழுந்துவிட்டது. அவசரத்துக்குத் தங்கத்தை அடகு வைக்கலாம். நடுத்தர விலை வாட்சை வைத்து என்ன கிடைக்கும்? வீட்டில் மருந்துக்கும் பள்ளிச் செலவுக்கும் இழுபறி என்று தெரிந்தால், வாட்ச் வாங்கும் பணத்தில் அரைப் பவுனோ கால் பவுனோ கொடுங்கள், அல்லது பணமாகவே கொடுங்கள். அது கௌரவக் குறைவு இல்லை. நிலைமை பரவாயில்லை, மனுஷன் ஆசைப்படுகிறார் என்றால் வாட்ச் கொடுங்கள். கேட்காமல் இது தெரியாது. கேட்பதற்கு ஒரு போன் போதும்.

இன்னொன்று. யாங்கூனில் சீனக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்தவர்கள் உண்டு. சீன மொழியில் ‘கடிகாரம் பரிசளிப்பது’ என்ற சொல், இறுதிக் கடன் செய்வதைக் குறிக்கும் சொல்போலவே ஒலிக்கும். சுவர்க் கடிகாரம்தான் முக்கியமாக ஆகாது, ஆனால் சில பெரியவர்கள் கைக்கடிகாரத்தையும் விரும்புவதில்லை. மருமகளிடம் முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது.

கயிறு பிடிப்பவர்

வாங்கியாயிற்று. நேரில் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். சுங்க விதியைப் பார்த்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவுக்குள் தமிழில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளை கையால் எழுதினால் இன்னும் நல்லது, எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். ஆறு வரி போதும்:

பக்கத்திருகை எப்போதும் இறுக்கி மூடி வையுங்கள். ஈரக் கையால் திறக்காதீர்கள்.

வெந்நீர்க் குளியலுக்குக் கழற்றிவிடுங்கள். சூடும் சோப்பும் வாஷரைக் கெடுக்கும்.

ஆற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ பட்டால் நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

கண்ணாடிக்குள் பனி பிடித்தால் வெயிலில் வைக்காதீர்கள், அன்றே ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

பின்மூடியைத் திறந்தால் வாஷர் மாற்றாமல் மூட விடாதீர்கள். அழுத்தச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள்.

அந்த மாடலுக்கான வாஷர் வளையங்கள் இரண்டு செட் வாங்கிச் சின்ன உறையில் போட்டு டப்பாவுடனே வையுங்கள். வாட்ச் விலையில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் தாகேதா ரிப்பேர்காரர் மேசையில் அதுதான் வாட்சைக் காப்பாற்றும். உங்கள் போன் காலண்டரில் மூன்று வருஷம் கழித்து ஒரு தேதி போட்டுக்கொள்ளுங்கள்: “மாமா வாட்ச், வாஷர்”. அன்றைக்குப் பிள்ளையை விட்டே பேசச் சொல்லுங்கள். “தாத்தா, வாட்ச் ஓடுதா?” என்று ஆரம்பிக்கிற பேச்சு அதோடு நிற்காது. மழை எப்படி, முழங்கால் வலி எப்படி, யாருக்குக் கல்யாணம் என்று போய்க்கொண்டே இருக்கும். மேலே கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்றேனே, அது அந்தக் குழந்தைதான்.